ஐந்தாவது பீரியட்

முதல் தேர்வில் எதிரே வைத்தது ஒரு பித்தளைச் சொம்பு,
பக்கத்தில் மடித்துப் போட்ட துண்டு.
தாராபுரம் பள்ளிக்கூடம், இரண்டரை மணி நேரம்.
சொம்பு வந்துவிட்டது.
துண்டு வரவில்லை.
துணிக்குள் ஒன்றும் இல்லையே, எதைப் பிடித்து வரைய
என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் யோசித்தேன்.
லோயர் கிரேடு, தோல்வி.

பிறகு துணியிலேயே போய் விழுந்தேன்.
அனுப்பர்பாளையத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறை,
ஜன்னலுக்கு வெளியே நாளெல்லாம்
அந்தச் சொம்பைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
நாற்பதடி மேஜை. பனியனுக்கு ஒரு வாத்து.
மஞ்சளுக்கு ஒரு சட்டம், கறுப்புக்கு ஒரு சட்டம்,
அலகின் ஆரஞ்சுக்குத் தனியாக ஒன்று.
ஒரு நூல் நகர்ந்தால் வாத்துக்கு இரண்டு அலகு.
அப்படி முளைத்த நாற்பது டசனை
என் கூலியில் கழித்தார்கள்.
நேர்கோடு எனக்கு வந்தது அந்த வாரம்தான்.

சட்டத்தில் மருந்து பூசி வெளிச்சம் காட்டினால்
மை போகக்கூடாத இடமெல்லாம் அடைபட்டுவிடும்.
போகிற இடம் கொஞ்சம்;
அடைப்பதுதான் வேலை.
அப்போது அதைப் பாடம் என்று நினைக்கவில்லை.
கண் எரிந்தது, தண்ணீர் அடித்துக் கழுவினேன்.

அந்த வாரம் எந்த ஊருக்கு என்ன ஆர்டர் என்று
நொய்யலைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.
பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டு போய்
ராத்திரி அதே நிறம் கலக்கிப் பார்ப்பேன்.
பச்சை வரும், ஆற்றின் பச்சை வராது.
எட்டு மாதம் ஆயிற்று:
ஒரு சொட்டுச் சிவப்பு, அவ்வளவுதான் குறை.

லோயர் இரண்டாம் தடவை, ஹையர் மூன்றாம் தடவை.
நடுவில் கல்யாணம்.
பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் படிப்பைப் போடக் கேட்டேன்.
"அதென்ன படிப்பு, லோயர்னு வேற இருக்குது"
என்று அண்ணன் அடித்துவிட்டான்.
கோடையில் கோவையில் ஆசிரியர் பயிற்சி:
பால் கட்டிய மார்போடு
கரும்பலகையில் ஒரே வீச்சில் வட்டம் போடப் பழகினேன்.
அப்புறம் வேலைவாய்ப்பு அலுவலகம்,
மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல்.
முத்திரை எப்போதும் சாய்ந்தே விழும்.
என்னிடம் கொடுத்திருந்தால் நேராகக் குத்தியிருப்பேன்.

நாற்பத்து மூன்றாம் வயதில் ஆணை வந்தது.
பகுதி நேரம், வாரத்தில் மூன்று அரை நாள்,
குன்னத்தூருக்குத் தெற்கே ஓர் உயர்நிலைப் பள்ளி.
பட்டறைக் கூலியில் பாதி.
முதலாளி கணக்குப் போட்டே காட்டினார்,
சரியான கணக்குத்தான்.
பதிவேட்டில் சி. மயிலாத்தாள், ஓவியம்
என்று எழுதியிருந்தது.
கையெழுத்துப் போடும்போது பேனா கசிந்தது.

இன்று ஏழாம் வகுப்புக்கு மாடு.
முப்பது மாடுகளுக்கு நூற்றிருபது கால்,
எல்லாம் பெஞ்சுக் கால் மாதிரி.
தன்ஷிகாவின் மாட்டுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.
"காலு எங்க கண்ணு?"
"சோளத்துக்குள்ள நிக்குதுங் மிஸ்."
சோளமும் இல்லை.
கழுத்தில் ஒட்டிய நாலைந்து தோகை,
வயிற்றுக்குக் கீழே தாளை அப்படியே விட்டிருந்தாள்.

பத்துக்கு எவ்வளவு என்று போட வேண்டும்.
சிவப்புப் பேனா கையில் இருக்கிறது.
ஆற்றுக்கு நிறம் தேடியவள்,
இரட்டை அலகுக்குப் பணம் கட்டியவள்,
துண்டு வராமல் பஸ் ஏறியவள்
எல்லோரும் அந்த வெள்ளையைக் குனிந்து பார்க்கிறோம்.
அதற்குள் மாடு நிற்கிறது.
குளம்பில் மண்கூட இருக்கும்.

கதவோரம் கணக்கு வாத்தியார்.
"டிராயிங்தானுங்களே மிஸ்,
இந்தப் பீரியடைக் குடுத்தீங்கன்னா போர்ஷன் முடிச்சுருவேன்."
மூன்று வாரமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்குதுங் சார்."